அல்லேலூயாவும் அல்லேலோனும்



இந்தப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் சபைக்குள் நுழையும்போது, யாரைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போய் உட்காருகிறீர்கள்? பெயரை வெளியே சொல்ல வேண்டாம். மனதில் வந்தால் போதும். அந்த ஆளை மனதில் வைத்துக்கொண்டே கடைசிவரைக்கும் வாசியுங்கள். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அதை மறைக்காமல் எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினபடியால் எழுதுகிறேன்.

நான்கு தடவையும் நூறு தடவையும்

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் எங்களுக்குக் கொஞ்சம் கிரேக்க மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. ‘அல்லேலோன்’ என்பதே அந்த வார்த்தை. ‘ஒருவரையொருவர்’, ‘ஒருவருக்கொருவர்’ என்று அதற்கு அர்த்தம். காதுக்கு அல்லேலூயா மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அல்லேலூயா எபிரெய வார்த்தை, கர்த்தரைத் துதியுங்கள் என்று பொருள்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். புதிய ஏற்பாட்டில் அல்லேலூயா என்கிற வார்த்தை நான்கே இடத்தில்தான் வருகிறது. நான்கும் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில், பரலோகத்தில் கேட்கிற துதியாக வருகிறது. அல்லேலோன் என்கிற வார்த்தையோ அதன் பல வடிவங்களில் ஏறக்குறைய நூறு தடவை வருகிறது! ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் (யோவான் 13:34). ஒருவர் பாரத்தை ஒருவர் தூக்குங்கள் (கலாத்தியர் 6:2). ஒருவருக்கொருவர் தயவு காட்டுங்கள் (எபேசியர் 4:32). ஒருவரையொருவர் பொறுத்துப்போங்கள் (கொலோசெயர் 3:13). குற்றங்களை ஒருவருக்கொருவர் ஒத்துக்கொள்ளுங்கள் (யாக்கோபு 5:16). ஒருவரையொருவர் கடித்துக் குதறாதபடி எச்சரிக்கையாயிருங்கள் (கலாத்தியர் 5:15).

நாமோ அல்லேலூயாவை நூறு தடவை சொல்லுகிறோம், அல்லேலோனை நான்கு தடவை கூடச் செய்வதில்லை. துதிப்பதைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. அல்லேலூயா தேவனை நோக்கி மேலே ஏறுகிறது. அல்லேலோன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவரை நோக்கிப் போகிறது. எதிரே நிற்கிற சகோதரனை நேசிக்காதவனுக்கு, கண்ணுக்கு மறைவாயிருக்கிற தேவனை நேசிக்கிறேன் என்று சொல்ல உரிமையில்லை என்று யோவான் அப்போஸ்தலன் நேராகவே எழுதிவிட்டார் (1 யோவான் 4:20).

உறுமும், சுற்றாது

வாரநாட்களில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் காயில் கருகிப்போயிருக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மூன்று பேஸில் ஒரு பேஸ் வராத நேரத்தில் ஸ்விட்சைப் போட்டிருப்பார்கள். அப்போது மோட்டார் பயங்கரமாக உறுமும். தூரத்திலிருந்து கேட்கிறவன் மோட்டார் ஓடுதென்று நினைப்பான். ஆனால் சுற்றாது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள்ளே சூடேறி எரிந்துபோகும்.

பிரியமானவர்களே, 14 மாதம் என்னுடைய ஊழியம் அப்படித்தான் இருந்தது. சத்தம் இருந்தது, தண்ணீர் வரவில்லை.

சபையை வாடகை வீட்டில் ஆரம்பித்த நாள்முதல் என் வலதுகையாக இருந்தவர் ஒரு சகோதரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் சபையில் என்னைப் பாஸ்டர் என்பார், வீட்டுக்கு வந்தால் தம்பி என்பார். 2018ஆம் வருஷம் சபைக் கூரைக்குப் புது ஷீட் போடக் காணிக்கை சேர்த்தோம். வேலை முடிந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தவுடனே அவர் எழுந்து, “பாஸ்டர், ஷீட் கணக்கை ஒருவாட்டி வாசிச்சிட்டா நல்லா இருக்குமுங்க” என்றார். அவ்வளவுதான் கேட்டார். கணக்கில் ஒரு ரூபாய் தவறில்லை. ஆனாலும் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போய் அவரிடத்தில் பேசியிருக்கலாம். நான் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்து, கோராகின் கலகத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்லுகிறேன் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. அவருடைய மகன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், டிரம்ஸ் வாசிக்கிற பையன். கோராகின் கூட்டத்தாரைப் பூமி பிளந்து விழுங்கினதை நான் சத்தம்போட்டுச் சொன்னபோது, அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பின்பு அவர்கள் வரவில்லை. அவரோடு ஆறு குடும்பங்கள் போய்விட்டன. நாலு தெரு தள்ளி அவர் வீட்டிலேயே ஆராதனை ஆரம்பமானது. நானோ ‘ஆட்டைத் திருடிவிட்டார்’ என்று பார்க்கிற ஊழியர்களிடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே நாட்களில் எழுப்புதலுக்காக உபவாச ஜெபமும் நடத்தினேன்! ஸ்பீக்கர் பெட்டி கிழிய ஜெபித்தோம். மோட்டார் நன்றாக உறுமினது.

நாம் வாசிக்காமல் விடுகிற வசனம்

2019இல் ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு, கர்த்தருடைய பந்தி. வழக்கம்போல 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை 23ஆம் வசனத்திலிருந்து வாசித்தேன். எப்போதும் 29ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, ‘நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம்’ என்று சொல்லித் தலைவணங்கச் சொல்வேன். அன்றைக்கு நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போய்விட்டேன். 33ஆம் வசனம் வந்தது. போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் அங்கே சொல்லுகிறார். அந்த ‘ஒருவருக்காக ஒருவர்’ எந்த வார்த்தை தெரியுமா? அதே அல்லேலோன்!

கொரிந்து சபையில் என்ன நடந்தது? 20 முதல் 22 வரை வாசித்தால் விளங்கும். கர்த்தருடைய பந்தி அந்நாட்களில் ஒரு சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுத் திருப்தியானார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்து வெட்கப்பட்டுப்போனார்கள். இதைத்தான் அப்போஸ்தலன் கண்டித்தார். அப்படியானால் அபாத்திரமாய்ப் பந்தியில் சேருவது என்றால் என்ன? சிகரெட் குடித்தேனா, சினிமா பார்த்தேனா என்று மட்டும் சோதித்துப் பார்ப்பதல்ல. என்னால் வெட்கப்பட்டுப்போன சகோதரன் ஒருவன் வெளியே நிற்கிறானா என்று பார்ப்பதுமாகும்.

அப்பத் தட்டு என் கையில் இருந்தது. டிரம்ஸ் இருந்த மூலை காலியாக இருந்தது. பலிபீடத்தண்டைக்கு வந்தபின்பும் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகப் போகச்சொன்ன ஆண்டவருடைய போதனை (மத்தேயு 5:23, 24) என்னைக் குத்தினது. தட்டை மூடிவைத்தேன். “இன்னைக்கு நான் பந்தி கொடுக்கிற நிலைமையில இல்லீங்க. எனக்காக ஜெபிச்சுக்குங்க” என்று சபையாரிடத்தில் சொல்லி, ஜெபித்து ஆராதனையை முடித்துவிட்டேன்.

அந்த வீட்டில் நடந்தது

அந்த நேரத்தில் அவர் வீட்டிலும் ஆராதனை நடக்கும் என்பதால் சாயங்காலம் போனேன். என் மனைவியும், “அக்காகிட்ட நானும் பேசணும்” என்று கூட வந்தாள். அவர் கதவைத் திறந்து, “வாங்க பாஸ்டருங்களே” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். “அண்ணா, நீங்க கணக்குக் கேட்டது சரிதாங்க. நான் பிரசங்கத்துல பண்ணதுதான் தப்பு. என்னை மன்னிச்சிருங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்னைத் தனியாக் கூப்பிட்டு நாலு அடி அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லைங்க. பையன் முன்னால பண்ணிட்டீங்க” என்றார்.

‘நான் உங்க பேரைச் சொல்லலையே’ என்கிற பதில் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கர்த்தர்தான் என் வாயை அடைத்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போனது வீணாகியிருக்கும். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் நியாயம் பேசப் போகக்கூடாது, பிரியமானவர்களே! இரண்டும் ஒரே வாயில் வராது.

அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்தார்கள். அப்போதுதான் உட்கார்ந்தோம். பையன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கிளம்பும்போது அண்ணன் வாசல்வரைக்கும் வந்து, “பார்த்துப் போங்க தம்பி” என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு அதே பிரசங்க பீடத்தில் நின்று, சபை முன்னால் என் தப்பை அறிக்கைசெய்தேன். எல்லார் முன்னாலும் பண்ணின காயத்துக்கு மறைவிலே மன்னிப்புக் கேட்டால் போதாது. ஷீட் கணக்கையும் வரிவரியாக வாசித்தேன். அதன் பிற்பாடுதான் பந்தி எடுத்தோம்.

எழுப்புதலுக்கு முன்னே நடந்தது

எழுப்புதல் சரித்திரத்தைப் படித்தாலும் இந்த ஒழுங்கையே பார்க்கிறேன். ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் சின்சென்டார்ஃப் பிரபு என்று ஒரு தேவமனிதர் இருந்தார். பள்ளிப் பையனாக ஹாலே பட்டணத்தில் படித்த காலத்திலேயே நம்முடைய தரங்கம்பாடியில் ஊழியம்செய்த மிஷனெரிகளைச் சந்தித்தவர். 1722இல் மொராவியாவிலிருந்து விசுவாசத்தினிமித்தம் ஓடிவந்த அகதிகளுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அந்தக் குடியிருப்புக்கு ஹெர்ன்ஹட் என்று பெயர்.

கிறிஸ்துவுக்காகச் சொத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் அல்லவா, அங்கே சமாதானம் இருந்திருக்கும் என்று நினைப்போம். இல்லை! ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தார்கள். பல சபைப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். உபதேசத்தைக் குறித்தும் ஆராதனை முறையைக் குறித்தும் பெரிய சண்டை. இடம் கொடுத்த பிரபுவையே தூஷித்தவர்களும் உண்டு.

பிரபுவுக்கு அப்போது 27 வயது கூட நிறையவில்லை. டிரெஸ்டன் பட்டணத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர், 1727இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹெர்ன்ஹட்டுக்கே வந்து குடியிருந்தார். வீடுவீடாகப் போய் ஒவ்வொருவரோடும் பேசினார். மே 12ஆம் தேதி எல்லாருமாக, இனி எப்படிச் சகோதரராய் வாழ்வோம் என்று ஓர் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டார்கள். இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து மனம்விட்டுப் பேசி ஜெபிக்கிற சின்னக் குழுக்களும் அந்தக் கோடையில் உருவாயின. ஆகஸ்ட் 13ஆம் தேதி, பக்கத்து ஊரான பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் கர்த்தருடைய பந்தியில் கூடினபோது ஆவியானவர் பலமாய் இறங்கினார். அதே மாதம் 27ஆம் தேதி, 24 சகோதரரும் 24 சகோதரிகளும் மணிக்கணக்கில் பகிர்ந்துகொண்டு இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1732இல் அங்கிருந்து முதல் மிஷனெரிகள் புறப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாயிருந்த ஜனங்களிடத்துக்குப் போனார்கள்.

நூறு வருஷ ஜெபத்தைக் குறித்து நாம் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்னே நடந்த வீடுவீடான சந்திப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆகஸ்டை ஆசைப்படுகிறவர்கள் மே மாதத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது.

ஒப்புரவானால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

சிலர் இதைக் கேட்பீர்கள். உண்மையைச் சொல்லுகிறேன். அந்த ஆறு குடும்பங்களும் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் இரண்டு சபையாகத்தான் இருக்கிறோம். ஆனால் அண்ணனுடைய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அடக்க ஆராதனையில் என்னை ஜெபிக்கச் சொன்னார். எங்கள் சபைக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை அவரும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பையன் மட்டும் என்னைக் கண்டால் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய்விடுகிறான். காயில் எரிவதற்குச் சில நிமிஷம் போதும். பழைய கம்பியை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்ட நாளாகும். நான் காத்திருக்கிறேன்.

பவுலும் பர்னபாவும் மாற்கினிமித்தம் கடுமையாக வாக்குவாதம்பண்ணி, ஒருவரைவிட்டு ஒருவர் பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15:39). அந்த வசனத்திலும் இதே அல்லேலோன் வார்த்தைதான் வருகிறது! வேதம் அதை மூடிவைக்கவில்லை. அவர்கள் மறுபடியும் சேர்ந்து பிரயாணம் செய்ததாக நாம் வாசிக்கிறதில்லை. ஆனாலும் பவுல் பிற்பாடு பர்னபாவைத் தன்னோடு சேர்த்து மரியாதையாய்ச் சொல்லுகிறார் (1 கொரிந்தியர் 9:6). மாற்கை ஏற்றுக்கொள்ளும்படி கொலோசெயருக்கு எழுதுகிறார் (4:10). கடைசிக் காலத்தில், ஊழியத்துக்கு உபயோகமுள்ளவன் என்று அதே மாற்கை அழைத்துவரச் சொல்லுகிறார் (2 தீமோத்தேயு 4:11). பாதை பிரியலாம், இருதயம் கசந்துபோகக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிப்பு. புருஷனிடத்தில் அடி வாங்குகிற சகோதரியை, ‘பொறுத்துப்போம்மா, ஜெபி’ என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஒப்புரவு அல்ல. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவனைச் சபைப் பெயர் கெடும் என்று மூடிமறைப்பது அன்பு அல்ல. அப்படிப்பட்டவர்களை முதலாவது பாதுகாப்பான இடத்தில் சேருங்கள், சட்டத்தின் உதவியைத் தேடுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் தூக்குவது என்றால், பாரத்தை அடிபட்டவர் தலையிலேயே திரும்ப ஏற்றுவதல்ல.

வாரம் ஒரு வீடு

அல்லேலோனைப் பெரிய கூட்டத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பட்டணத்தில் ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுவீடாய்ப் போய் அதை வாங்கிவருவது என்று தீர்மானித்தார்கள். பணம் வாங்கப் போனவர்கள் வீட்டு நிலைமையைக் கண்டார்கள். ஒருவர் மனைவியோடு சண்டைபோட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். இது ஆத்துமாக்களை விசாரிக்க நல்ல வழி என்று வெஸ்லி கண்டுகொண்டார். கடன் வசூல், மேய்ப்பு ஊழியமாக மாறிற்று.

எங்கள் சபையில் இப்போது ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு குழு. வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதோடு நிறுத்தாமல், வாரம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். பிரசங்கம் கிடையாது. ‘இந்த வாரம் எப்படி இருந்தீங்க?’ என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேட்கிறோம். அப்படித்தான் ஒரு சகோதரரின் கந்துவட்டிப் பாரம் வெளியே வந்தது. இரண்டு வருஷம் என் எதிரே உட்கார்ந்து அல்லேலூயா சொன்னவர், தினமும் தூங்காமல் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை!

தேவபிள்ளையே, ஆரம்பத்தில் ஒரு பெயர் உங்கள் மனதில் வந்ததல்லவா? இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அந்தப் பெயரைச் சொல்லி, குற்றம் சுமத்தாமல் ஆசீர்வதித்து ஜெபியுங்கள். இரண்டாவது, அவர் செய்ததை விட்டுவிட்டு, உங்கள் பக்கத்துத் தப்பு எது என்று ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். மூன்றாவது, அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். உட்காரச் சொல்லாவிட்டாலும் நின்றபடியே சொல்லுங்கள். பலனைக் கர்த்தரிடத்தில் விட்டுவிடுங்கள். வரப்போகிற பந்தி ஞாயிறுக்குள் போய்வாருங்கள்.

ஜெபிப்போம். அன்புள்ள பரலோகப் பிதாவே, உம்மைத் துதிக்கிற எங்கள் வாய், எங்கள் சகோதரனிடத்தில் மன்னிப்புக் கேட்கவும் திறக்கட்டும். எங்களால் காயப்பட்ட சின்னவர்களை நீரே தேற்றும். உமது பந்தியில் காலியாயிருக்கிற இடங்களை எங்கள் கண்களுக்குக் காண்பியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.